சகோதரர் தோழராகும் படி

இங்கிலாந்தின் ஃப்ரீமேசன் சங்கத்தில் மூன்று படிகள் உண்டு. மூன்றாவதான ‘மாஸ்டர் மேசன்’ படியை எட்டியவர், குறைந்தது நான்கு வாரம் கழிந்தபின் ‘ராயல் ஆர்ச்’சில் சேரலாம்.

அங்கே கூடும் சபைக்குப் பெயர் லாட்ஜ் அல்ல, சாப்டர். ‘சகோதரர்’ என்று அழைக்கப்பட்டவர் ‘தோழர்’ ஆகிறார். வெளிர்நீல ஓர ஏப்ரனுக்குப் பதிலாக, செந்நிறமும் கருநீலமும் ரம்பப் பற்களைப்போல் மாறிமாறி ஓடும் ஏப்ரனைக் கட்டுகிறார். மார்பில், ஒன்றோடொன்று பின்னிய இரு முக்கோணங்களாலான பதக்கம் தொங்குகிறது.

சேர்க்கைச் சடங்கின் கதைக்களம், பாபிலோனிலிருந்து திரும்பிய யூதர்கள் மீண்டும் கட்டிய எருசலேம் ஆலயம். இடிபாடுகளை அகற்றும்போது ஒரு நிலவறை வெளிப்படுகிறது.

அப்படியானால் ராயல் ஆர்ச் நான்காம் படியா? 1813-இல், லாட்ஜ்களின் தலைமை அமைப்புகளான இரண்டு கிராண்ட் லாட்ஜ்கள் லண்டனில் இணைந்தபோது இதற்கு உடன்படிக்கையிலேயே விடை எழுதினார்கள்: படிகள் மூன்றே, ராயல் ஆர்ச்சும் அவற்றுள் அடக்கம்.