முற்றத்து ஜலதாரையைக் குளியலறைக்கு உபயோகித்தல்

ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் பழைய தெருக்களிலுள்ள வீடுகள் பலவற்றில் நடுவே ஒரு முற்றம் உண்டு. தாழ்வாரக் கூரைகளின் மழைநீரும் பாத்திரம் கழுவிய நீரும் அம்முற்றத்தில் விழுந்து, மூலையிலுள்ள துவாரத்தின் வழியே தரைக்கடியிற் சென்று தெரு வாறுகாலில் சேரும். வீட்டிலுள்ள முதியோர் கொல்லைப்புறம் வரை நடந்து குளித்துவர இயலாத நிலை ஏற்படும்பொழுது, அம்மூலையைச் சுவர் வைத்து மறைத்து, ஷவர் என்னும் பூவாளிக் குழாயும் பொருத்திக் குளியலறையாக்கிக் கொள்ளலாமே என்ற எண்ணம் எழுவது இயற்கை. எண்ணம் நல்லதே. துவாரம் முன்பே இருக்கிறது, ஆகவே ஜலதாரைக்குச் செலவில்லை என்று நம்பி வேலையைத் தொடங்குவதுதான் தவறு.

பழைய ஜலதாரை மழைக்காலத்தை உத்தேசித்துக் கட்டப்பட்டது. குளியல் நீரோ தினந்தோறும் வருவது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கணக்குப்படி, நகரில் ஒருவர் குளிப்பதற்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் செலவாகும். ஐவர் உள்ள குடும்பத்தில் இது 275 லிட்டர். பதினைந்து லிட்டர்க் குடத்தால் ஏறக்குறையப் பதினெட்டுக் குடம். அதனுடன் சோப்பும், தலைமயிரும், எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாட்களில் சீயக்காய்த்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து செல்லும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய பழைய தாரையின் இணைப்புகள் விட்டுப்போயிருந்தால், இந்நீர் வாறுகாலை அடையாமல் சுவரின் அஸ்திவாரத்தில் இறங்கும். பொதுச் சுவராயின் பக்கத்து வீட்டாரின் சுவரும் ஓதமேறும்; அருகில் கிணறு இருந்தால் அதுவும் கெடும்.

ஆகையால் முதலிற் செய்யவேண்டியது சோதனை. துணிக்கு இடும் நீலத்தை இரண்டு குடம் நீரிற் கரைத்துத் துவாரத்தில் ஊற்றி, வாறுகாலில் ஒருவரை நிற்கச் செய்யவேண்டும். நீல நீர் தாமதமின்றி, பெரும்பாலும் குறையாமல் வந்தால் பாதை திறந்திருக்கிறது. பின்னர் தெருப்புற வாயைத் துணியாலும் களிமண்ணாலும் அடைத்து, தாரையை முற்றத்துத் துவாரம் வரை நீரால் நிரப்பி, மட்டத்தைக் கரிக்கோடிட்டு ஓர் இரவு விட்டுவைக்கவேண்டும். காலையில் மட்டம் வெகுவாக இறங்கியிருப்பின் கசிவு உண்டு. பழைய தாரையை நம்பலாகாது. அதே வழியிற் புதிய குழாய் புதைப்பதே உசிதம். இச்சோதனைக்கு ஆகும் செலவு நீலத்தின் விலை மாத்திரமே.

அடுத்தது வாட்டம். இதிற்றான் பலர் ஏமாறுகின்றனர். தெருவிற் சாலைமேற் சாலையாகப் பன்முறை போடப்பட்டு, வாறுகாலும் அதற்கேற்ப உயர்த்திக் கட்டப்பட்ட இடங்களில், ஒரு காலத்தில் தெருவைவிட உயரமாயிருந்த முற்றம் இப்பொழுது நிலவறையைப்போல் தாழ்ந்து கிடக்கிறது. அத்தகைய வீட்டில் ஐப்பசி மழையின்போது வாறுகால் நீரே வீட்டுக்குள் திரும்பிவரும். எனவே அளவைக் குளியலறையிலிருந்து தொடங்காமல் வாறுகாலிலிருந்து தொடங்கவேண்டும். குழாய்க்கு அடிக்குக் கால் அங்குல வாட்டம் கொடுப்பது வழக்கம். துவாரத்துக்கும் வாறுகாலுக்கும் இடையே பன்னிரண்டு அடி இருந்தால் மூன்று அங்குலம் இறக்கம் வேண்டும். தரைக்கடியிற் பொருத்தும் நீரடைப்புக்கும் ஆழம் தேவை. இவ்விரண்டையும் வாறுகாலில் சாதாரணமாக ஓடும் நீர்மட்டத்தின்மேற் கூட்டிக் கிடைப்பதே குளியலறைத் தளத்தின் குறைந்த உயரம். கொத்தனார் ரசமட்டமும் நூலும் வைத்து இதைக் காட்டிய பின்னரே வேலைக்குச் சம்மதிப்பது நலம். படி ஒன்று கூடுமானால், முதியவருக்குக் கைப்பிடிக் கம்பியும் சேர்த்துப் பொருத்தவேண்டும்.

நீரடைப்பாவது, குழாயின் வளைவில் எப்பொழுதும் சிறிது நீர் தேங்கி நின்று, வாறுகாலின் துர்நாற்றத்தையும் பூச்சிகளையும் உள்ளே வரவொட்டாமல் தடுக்கும் அமைப்பு. 1775ஆம் வருஷத்தில் லண்டனில் அலெக்ஸாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளர் இத்தகைய வளைவுக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். கடைகளில் நஹானி ட்ராப் என்று கேட்டால் தருவார்கள். நஹானி என்பதற்குக் குளிக்குமிடம் என்றே பொருள். இரண்டு அங்குல நீர் நிற்கும் ட்ராப்பையே வாங்கவேண்டும். திறந்த முற்றத்தில் நாற்றம் காற்றோடு போய்விட்டது. சுவர் வைத்து அடைத்த அறையில் அது தங்கும். யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு அசுத்த நீரிலேயே பெருகுவது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

வாறுகாலின் மட்டம் இடங்கொடாவிடில், கொல்லையில் உறிஞ்சுகுழி தோண்டலாம். மூன்று அல்லது நான்கு அடி ஆழமும் அகலமும் உள்ள குழியில் செங்கற்சல்லியை நிரப்பி மேலே மூடவேண்டும். கிணற்றுக்கு ஐம்பது அடியேனும் விலகியிருத்தல் அவசியம். குழிக்கு முன் சிறிய வண்டல் தொட்டியும் சல்லடையும் இல்லாவிட்டால் மயிரும் பிசுக்கும் சில மாதங்களிலேயே அதை அடைத்துவிடும். மலையடிவாரச் செம்மண்ணில் நீர் எளிதிற் சுவறும். கரிசலில் அவ்விதமன்று, ஈரம்பட்ட கரிசல் உப்பி நீரை நிறுத்திவிடும். அங்கே குழிக்குப் பதிலாக நீரை வாழைப் பாத்தியிற் பரவவிடுவது பயன்படும். பாத்தியில் நீர் தேங்கினால் ஓரிடம் விட்டு மற்றோரிடத்திற்கு மாற்றவேண்டும்.

சங்கத்தில் வீட்டுப் பழுதுக்குக் கடன் பெறும் அங்கத்தினர், பளபளக்கும் ஓட்டுக்கும் பூவாளிக்கும் முதலிற் பணத்தைச் செலவிட்டுவிட்டு, மீதத்தில் குழாய் வாங்குவது சாதாரணமாய்க் காணப்படுவது. ஓட்டைப் பின்னர் ஒட்டலாம். குழாயை மாற்ற ஓட்டை உடைத்தாகவேண்டும். ஒரே வரிசையிலுள்ள நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே கொத்தனாரை அமர்த்தி, வாறுகாலின் மட்டத்தை ஒருமுறை அளந்து எல்லோரும் அதையே பின்பற்றினால், ஒருவர் வீட்டு நீர் மற்றவர் வீட்டில் புகும் வழக்கு எழாது.

தளம் முடிந்தபின் ஒரு குடம் நீரை மூலைகளில் ஊற்றி, எங்கும் தேங்காமல் துவாரத்தை அடைகிறதா என்று பார்த்த பிறகே கொத்தனாருக்குக் கூலியைத் தீர்க்கலாம். கோடையில் சில வாரங்கள் வெளியூர் செல்வோர், ட்ராப்பிலுள்ள நீர் வற்றிவிடும் ஆதலால், புறப்படுமுன் ஒரு செம்பு நீரும் அதன்மேல் ஒரு கரண்டி எண்ணெயும் ஊற்றிவிட்டுப் போகவேண்டும்.