விரியும் அரங்கம்

மாணவர்களே, ஒரு கல்லூரியின் விளையாட்டரங்கம் என்றவுடன் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது எது? ஒரு திடல், அதன் ஓரத்தில் ஐந்தாறு படிக்கட்டுகள், சிறப்பு விருந்தினருக்கு ஒரு பந்தல். நம்மில் பலர் கண்டிருப்பது அவ்வளவே. ஆனால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் என்னும் ஊரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு உரிய அரங்கம் ஒன்று உண்டு. அதில் 1,07,601 பேர் அமரலாம். அவ்வூரின் மக்கள் தொகையோ ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம். ஊரே எழுந்து வந்தாலும் பெரும்பகுதியினருக்கு இடமுண்டு. நம் நாட்டில் அகமதாபாத்தில் உள்ள கிரிக்கெட் அரங்கம் இதனினும் பெரியது. ஆயினும் அது எந்தக் கல்லூரிக்கும் உரியதன்று.

அங்கு ஆடப்படும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. பெயர் மட்டுமே கால்பந்து. இவ்வாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட பெரிய அணிகள் அந்நாட்டில் பல இருந்தும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அரங்குகள் யாவும் கல்லூரி அணிகளுக்கே உரியவை. பட்டம் பெற்று நாற்பது ஆண்டுகள் ஆனவர்களும் இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் தம் பழைய கல்லூரிக்கு வந்து, குடும்பத்தோடு அமர்ந்து ஆட்டம் காண்பர். அவர்களுக்கு அந்த இருக்கை ஏறத்தாழப் பிதிரார்ஜிதச் சொத்து. அதனால்தான், அரங்கத்தை விரிவாக்குவோம் என்று பல்கலைக்கழகம் அறிவித்தபோது அது வெறும் கட்டுமானச் செய்தியாக நிற்கவில்லை.

முதலில் இவ்வரங்கம் எழுந்த கதையைக் காண்போம். ஃபீல்டிங் யோஸ்ட் என்பவர் அப்பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர். பின்னர் விளையாட்டுத்துறை இயக்குநர். பழைய திடலில் கூட்டம் கொள்ளாததைக் கண்டு, பெரியதோர் அரங்கம் வேண்டும் என்று அவர் விடாது வாதிட்டார். கல்வி நிலையத்துக்கு இத்துணைப் பெரிய விளையாட்டரங்கம் தேவையா என்று பேராசிரியர்கள் சிலர் தயங்கினர். முடிவில் ஒப்புதல் கிடைத்தது. 500 டாலர் மதிப்புள்ள கடன் பத்திரங்களை விற்று யோஸ்ட் பொருள் திரட்டினார். பத்திரம் வாங்கியவர்களுக்கு ஆடுகளத்தின் நடுப்பகுதியை ஒட்டிய நல்ல இடங்களில் சீட்டுப் பெறும் உரிமை அளிக்கப்பட்டது. இந்தச் சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

1927 அக்டோபர் முதல் நாள் அரங்கம் திறக்கப்பட்டது. செலவு 9,50,000 டாலர், இருக்கைகள் 72,000. அதன் வடிவமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. அரங்கின் பெரும்பகுதி நிலத்துக்குக் கீழே இருக்கிறது. நம் ஊர்க் கோயில் தெப்பக்குளத்தை எண்ணிப் பாருங்கள். தெருமட்டத்தில் நின்று நோக்கினால் சுற்றுச்சுவர் மட்டுமே தெரியும்; உள்ளே நுழைந்தால் நாற்புறமும் படிக்கட்டுகள் கீழ்நோக்கி இறங்கும். இவ்வரங்கமும் அவ்வாறே. நீருக்குப் பதிலாக அடியில் புல்வெளி. மக்கள் தெருமட்டத்தில் நுழைந்து தம் இருக்கைக்குப் படியிறங்கிச் செல்வர். பின்னாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இடமளிக்க வேண்டிவரும் என்று எண்ணிய யோஸ்ட், அதற்குத் தக்கவாறே அடித்தளத்தை அமைக்கச் செய்தார்.

அவர் எண்ணியவாறே நடந்தது. 1949-இல் இருக்கைகள் 97,239 ஆயின. 1956-இல் 1,01,001 ஆயின. இறுதியில் நிற்கும் அந்த ஒன்று எதற்கு? ஃபிரிட்ஸ் கிரிஸ்லர் என்னும் பயிற்சியாளரின் நினைவாக ஓர் இருக்கை கூட்டப்பட்டதாகச் சொல்வர். அந்த இருக்கை எது என்பது வெளியிடப்படவில்லை. ஆகவே அங்கே அமரும் ஒவ்வொருவரும் அது தம் இருக்கையாகவே இருக்கலாம் என்று எண்ணி மகிழலாம்! அதன்பின் அரங்கின் கொள்ளளவைக் குறிக்கும் எண், ஒன்றில் முடிவது மரபாயிற்று. 1998-இல் அது 1,07,501 ஆனது.

அதே 1998-இல் ரசிகர்களின் குரல் எத்துணை வலியது என்பதும் தெரியவந்தது. அரங்கின் மேல்விளிம்பைச் சுற்றி மஞ்சள் நிறப் பட்டை ஒன்றை அமைத்து, அதில் பல்கலைக்கழகப் பாடலின் சொற்களையும் தலைக்கவசம் முதலிய உருவங்களையும் பெரிய அளவில் பொறித்தனர். அணியின் நிறமும் மஞ்சளே, பாடலும் அவர்களுடையதே. எனினும் ரசிகர்கள் பலர் அதை விரும்பவில்லை. ஆரவாரமற்ற தம் அரங்குக்கு அது பொருந்தாத ஒப்பனை என்றனர். இரண்டே ஆண்டுகளில், 2000-ஆம் ஆண்டு ஆட்டங்கள் தொடங்குமுன், அந்தப் பட்டை அகற்றப்பட்டது.

பட்டையை அகற்றுவது எளிது. கட்டடத்தை அகற்ற இயலுமா? 2006-இல் எழுந்த வழக்கு அத்தகையது. அரங்கின் கிழக்கிலும் மேற்கிலும் உயர்ந்த கட்டடங்கள் எழுப்புவது, அவற்றில் கண்ணாடியிட்ட தனியறைகளும் உயர்கட்டண இருக்கைகளும் அமைப்பது, பழைய செய்தியாளர் கூடத்தை அகற்றிப் புதியது கட்டுவது, கழிப்பறைகளைப் பெருக்குவது, நடைவழிகளை அகலப்படுத்துவது எனப் பல கூறுகள் கொண்ட திட்டம் அது. மதிப்பீடு 22 கோடியே 60 லட்சம் டாலர். பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் எட்டு உறுப்பினருள் ஐவர் ஆதரித்தனர்; மூவர் எதிர்த்தனர். இந்த எண்மரும் மாநில மக்களால் தேர்தலில் தெரிவு செய்யப்படுபவர்கள் என்பது கருதத்தக்கது. அவர்கள் ரசிகர்களின் கருத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

எதிர்த்தவர்கள் கூறியது என்ன? ரசிகர்கள் அவ்வரங்கைப் ‘பிக் ஹவுஸ்’, அதாவது பெரிய வீடு, என்று செல்லமாக அழைப்பர். அந்த வீட்டில் எல்லாரும் ஒரே வகைப் பலகையில், தோளோடு தோள் உரச அமர்கிறோம். மழை பெய்தால் தொழிலதிபரும் நனைகிறார், மாணவரும் நனைகிறார். பொதுப் பல்கலைக்கழகத்தின் அரங்கம் இவ்வாறு இருப்பதே முறை என்றனர். செல்வர்கள் கண்ணாடிக்குப் பின்னால் குளிர் படாமல் அமர்ந்து, மற்றவர்களை மேலிருந்து நோக்கும் நிலை வரலாகாது என்றனர். திறந்த வானம் மறையும் என்னும் கவலையும் இருந்தது. பழைய மாணவர்கள் முதலானோர் ‘சேவ் தி பிக் ஹவுஸ்’ என்னும் பெயரில் ஓர் அமைப்பாகத் திரண்டு, தனியறைகள் இல்லாமலே அரங்கைப் புதுப்பிக்கலாம் என்று வாதிட்டனர்.

ஆதரித்தவர்களின் மறுமொழியும் எளிதில் தள்ளத்தக்கதன்று. கட்டடம் பழையது, கழிப்பறைக்கு நிற்கும் வரிசையில் ஆட்டத்தின் பாதி கழிந்துவிடுகிறது, நடைவழிகள் குறுகியவை, முதியோர் பிடித்து இறங்கக் கைப்பிடி இல்லை. இவற்றைச் சீர்செய்யப் பணம் வேண்டும். மாணவர் கல்விக் கட்டணத்தையோ மக்களின் வரிப்பணத்தையோ தொடாமல் அதை ஈட்ட வழி தனியறைகளே. கால்பந்தால் வரும் வருவாய்தான் நீச்சல், மல்யுத்தம், மகளிர் விளையாட்டு எனப் பிற அணிகளையும் தாங்குகிறது. மேலும், எதிரணியாகிய ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் முன்னரே தன் அரங்கைத் தனியறைகளோடு புதுப்பித்துவிட்டது. நாம் மட்டும் பின்தங்கலாமா? இந்தக் கடைசி வாதம் எந்த ஊரிலும் எடுபடும்.

எதிர்த்தவர்களின் வாதம் என் மனத்துக்கு உகந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஒரே பலகையில் எல்லாரும் அமர்வது என்னும் காட்சி அழகானது. ஆனால் நடுவிடத்து இருக்கைகள் கடன் பத்திரம் வாங்கியவர்களுக்கு முதலில் கிடைத்தன என்று முன்னரே படித்தோம் அல்லவா? பலகை ஒன்றாக இருக்கலாம்; எந்த இடத்துப் பலகை என்பதை அன்றும் பணமே முடிவுசெய்தது. இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. இரு தரப்பாரின் உரத்த வாதத்தில் அது பலகாலம் எவர் கண்ணிலும் படவில்லை.

படியிறங்கிச் செல்லும் தெப்பக்குளத்தில், படியிறங்க இயலாதவர் எங்கே அமர்வது?

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்த அவ்வரங்கில், சக்கர நாற்காலியில் வருவோருக்கான இடங்கள் நூற்றுக்கும் குறைவு. அவையும் ஆடுகளத்தின் இரு முனைகளில் இருந்தன. எல்லாரும் சமமாக அமரும் வீடு என்று போற்றப்பட்ட இடத்தில் இதுவே நிலைமை. 2007-இல் முடக்குவாதமுற்ற முன்னாள் படைவீரர்களின் மிச்சிகன் மாநில அமைப்பு, பல்கலைக்கழகத்தின்மீது வழக்குத் தொடுத்தது.

வழக்கின் மையமாக நின்றவை இரண்டு சொற்கள். மொழிப்பாடத்தில் நாம் இதனைச் சற்று நின்று கவனித்தல் நன்று. அந்நாட்டில் 1990-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, பொதுவிடம் ஒன்றை ‘மாற்றியமைத்தால்’ அந்தப் பகுதி அனைவரும் அணுகத்தக்கதாகவும் ஆக்கப்படவேண்டும். அரங்கின் பழைய கற்காரைப் பகுதிகளைப் பல்கலைக்கழகம் முன்னரே பெயர்த்துப் புதிதாக இட்டிருந்தது. அது வெறும் ‘பழுதுபார்த்தல்’ என்றது பல்கலைக்கழகம். இல்லை, ‘மாற்றியமைத்தல்’ என்றனர் வழக்குத் தொடுத்தோர். முன்னதாயின் கடமை இல்லை, பின்னதாயின் உண்டு. சில நூறு பேர் ஆட்டம் காண்பதும் காணாததும் ஒரு சொல்லின் பொருளில் தொங்கி நின்றன. அந்நாட்டு அரசுத் துறைகள் படைவீரர்களின் பக்கமே சாய்ந்தன. 2008 மார்ச்சில் உடன்பாடு ஏற்பட்டது. 2010-ஆம் ஆண்டு ஆட்டங்கள் தொடங்குமுன் சக்கர நாற்காலிக்கு உரிய இடங்கள் முந்நூறுக்கு மேல் உயரவேண்டும். துணைக்கு வருவோருக்கும் அருகிலேயே இருக்கை வேண்டும். முனைகளில் மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் அவை அமையவேண்டும் என்று முடிவாயிற்று.

நான் முன்பு பணியாற்றிய ஊரில், ஒரு பள்ளியின் விளையாட்டு விழா நினைவுக்கு வருகிறது. நடக்க இயலாத மாணவி ஒருத்தியை, வெயில் படாதிருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், மேடைக்குப் பின்புறம் நிழலில் அமரவைத்தோம். அங்கிருந்து ஓட்டப்பந்தயத்தின் முடிவுக்கோடு தெரியாது. ஒவ்வொரு முறை கைத்தட்டல் எழும்போதும், “யார் ஜெயித்தது மிஸ்?” என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான்காவது முறை கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த இடத்தைத் தெரிவு செய்தவர்களில் நானும் ஒருத்தி.

மிச்சிகனில் கட்டடப் பணி நிறைவுற்று, 2010 செப்டம்பர் 4 அன்று புதுப்பிக்கப்பட்ட அரங்கின் தொடக்க ஆட்டம் நடைபெற்றது. 1,13,090 பேர் கூடினர். தனியறைகளும் வந்தன, சக்கர நாற்காலிக்கான இடங்களும் வந்தன. எவரும் பெரிதாக எண்ணிப் பாராத வேறொரு மாற்றமும் உணரப்பட்டது. முன்பு அவ்வளவு பெரிய கூட்டத்தின் முழக்கமும் அகன்ற கிண்ணத்திலிருந்து மேலெழுந்து வானில் கரைந்துவிடும்; அரங்கம் பெரியது, ஓசை சிறியது என்று பிற ஊரார் எள்ளி நகையாடுவர். இப்போது இருபுறக் கட்டடங்களும் ஒலியைத் தடுத்து ஆடுகளத்துக்கே திருப்பி அனுப்பின. 2013 செப்டம்பர் 7 அன்று நாட்ர டாம் அணியுடன் நடந்த ஆட்டத்தை 1,15,109 பேர் கண்டனர்.

அதன்பின் இருக்கைகளின் எண்ணிக்கை சற்றுக் குறைக்கப்பட்டது. இன்றுள்ள 1,07,601 என்னும் எண்ணும் ஒன்றிலேயே முடிகிறது. கிரிஸ்லரின் இருக்கை எங்கே என்பது இன்றும் வெளியிடப்படவில்லை.

சொற்பொருள்
பிதிரார்ஜிதம் – முன்னோர் வழிவந்த சொத்து. கொள்ளளவு – ஓரிடத்தில் அடங்கும் அளவு. கற்காரை – சிமெண்டு, மணல், சல்லி கலந்த கட்டுமானக் கலவை. எள்ளி நகையாடுதல் – இகழ்ந்து சிரித்தல்.

சிந்தித்து எழுதுக
1. மிச்சிகன் அரங்கம் தெப்பக்குளத்துக்கு ஒப்பிடப்பட்டது ஏன்? இந்த ஒப்புமை பாடத்தின் பிற்பகுதியில் எவ்வாறு பயன்படுகிறது?
2. ‘பழுதுபார்த்தல்’, ‘மாற்றியமைத்தல்’ – இவ்விரு சொற்களையும் உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ நிகழ்ந்த பணிகளுக்குப் பொருத்தி, தனித்தனி வாக்கியங்களில் எழுதுக.
3. நீங்கள் ஆட்சிக்குழுவில் ஒன்பதாவது உறுப்பினராக இருந்திருப்பின் எப்பக்கம் வாக்களித்திருப்பீர்கள்? எதிர்த்தரப்பின் வாதம் ஒன்றையேனும் ஏற்றுக்கொண்டு, பத்து வரிகளில் விடை எழுதுக.
4. உங்கள் பள்ளித் திடலின் வரைபடம் ஒன்று வரைக. விளையாட்டு விழாவில் யார் யார் எங்கே அமர்கிறார்கள் என்பதைக் குறித்து, அவ்விடங்களிலிருந்து என்னென்ன தெரியும், என்னென்ன தெரியாது என்று எழுதுக.