2.4 லட்சம் இஎம்ஐ போட்டு கோடிங் கத்துக்கணுமா? கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



நம்ம சேனலைத் தொடர்ந்து பார்க்கிற ஒரு தம்பி போன மாசம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். வயசு 25. சென்னையில கஸ்டமர் சப்போர்ட் வேலை. பிஎஃப் எல்லாம் போக கைக்கு 27,000 ரூபாய் வருது. வெப் டெவலப்பர் ஆகணும்னு ஆசை. ஆன்லைன்ல ஒரு ஃபுல் ஸ்டாக் கோர்ஸ் பார்த்து வெச்சிருக்கார். மாசம் 10,000 வீதம் 24 மாசம், மொத்தம் 2.4 லட்சம். "வட்டியே கிடையாதுண்ணா. இன்னைக்கு நைட்டுக்குள்ள டோக்கன் 5,000 கட்டினா சீட் கன்ஃபார்ம்னு சொல்றாங்க. கட்டலாமா?"

கட்டாதீங்கன்னு ஒரு வரியில பதில் போட்டிருக்கலாம். ஆனா அந்த 2.4 லட்சத்துக்கு அவர் வாங்கப்போறது என்ன, பாடமா? அது புரியணும்னா, அவருக்கு முன்னாடி இந்த வேலைக்கு வந்தவங்க எப்படிக் கத்துக்கிட்டாங்க, எதுக்குக் காசு கொடுத்தாங்கன்னு பார்க்கணும்.

வெப்பை உருவாக்கின டிம் பெர்னர்ஸ் லீ வேலை பார்த்த செர்ன் ஆய்வுக்கூடம், 1993 ஏப்ரல் 30ஆம் தேதி அந்த மென்பொருளை யார் வேணும்னாலும் காசு கொடுக்காம பயன்படுத்தலாம்னு அறிவிச்சது. அப்போ இதைச் சொல்லித்தர எந்த சிலபஸும் தயாரா இல்லை. முதல் தலைமுறை டெவலப்பர்களுக்கு வாத்தியார் 'வியூ சோர்ஸ்' தான். நல்லா இருக்கிற ஒரு பக்கத்தைத் திறப்பாங்க, அதோட ஹெச்டிஎம்எல்லை காப்பி பண்ணுவாங்க, ஒரு வரியை மாத்துவாங்க, என்ன உடையுதுன்னு பார்ப்பாங்க. அவ்வளவுதான் கோர்ஸ். ஜியோசிட்டீஸ் மாதிரி தளங்கள் இலவசமா இடம் கொடுத்ததால, செஞ்சதை உலகத்துக்குக் காட்டவும் முடிஞ்சது. 1995ல பிரெண்டன் ஐக் பத்தே நாள்ல ஜாவாஸ்கிரிப்டோட முதல் வடிவத்தை உருவாக்கினார். புத்தம் புது மொழி, அதுல அனுபவசாலின்னு யாரும் கிடையாது. அதனால எல்லாரும் ஒரே நேரத்துல தப்பு பண்ணித்தான் கத்துக்கிட்டாங்க. கூட இருந்தது அட்டையில விலங்குப் படம் போட்ட ஓ'ரெய்லி புத்தகங்கள். நம்ம பக்கம் பலர் அதைப் பார்த்தது ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸா தான்!

1998ல நார்வேயில இருந்து டபிள்யூ3ஸ்கூல்ஸ் வந்தது. பாடம் இலவசம்தான், ஆனா அதைப் பார்க்க நெட் வேணுமே. பிரவுசிங் சென்டர்ல மணிக்கணக்குக்குக் காசு. பக்கத்தை ஃப்ளாப்பியில சேவ் பண்ணிட்டு வந்து, சிஸ்டம் வெச்சிருக்கிற நண்பன் வீட்டுல போட்டுப் பார்க்கணும். என்ஐஐடி, ஆப்டெக் மாதிரி சென்டர்களும், ஹைதராபாத் அமீர்பேட்டையில தெருத்தெருவா இருந்த கோச்சிங் சென்டர்களும் நல்லா ஓடினதுக்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம். அங்கே கட்டின ஃபீஸ்ல வாத்தியாரோட சேர்த்து கம்ப்யூட்டர் முன்னாடி உட்காரும் நேரமும் அடக்கம். வீட்டுல சிஸ்டம் இல்லாதவங்களுக்கு அது நியாயமான செலவு. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஒவ்வொண்ணா விலை இறங்க ஆரம்பிச்சது. முன்னாடியெல்லாம் ஒரு எரர்ல மாட்டினா, தெரிஞ்சவங்க கிடைக்கிற வரைக்கும் நாள்கணக்கா முழிக்கணும். 2008ல ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் ஆரம்பிச்ச ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதைப் பெரும்பாலும் முடிச்சு வெச்சது. 2011ல கோட்அகாடமி வந்தது, பிரவுசர்லயே டைப் பண்ணிப் பழகலாம். 2012ல கோர்செரா. ஹார்வர்டோட சிஎஸ்50 பாடத்தையும் இப்போ வீட்டுல இருந்தே இலவசமா படிக்கலாம். 2014ல ஃப்ரீகோட்கேம்ப், முழுப் பாடத்திட்டமும் இலவசம். மோசில்லாவோட எம்டிஎன் பக்கங்களை சீனியர் டெவலப்பர்களே இன்னைக்கும் திறந்து பார்க்கிறாங்க. தமிழ்ல வேணுமா? ஐஐடி பாம்பேயோட ஸ்போக்கன் டுடோரியல்ல தமிழ்க் குரல்லயே பாடங்கள் இருக்கு. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்தப்புறம், 1 ஜிபியை மாசம் முழுக்க இழுத்துப் பிடிச்ச காலமும் போச்சு.

ஆக கம்ப்யூட்டர், நெட், புத்தகம், சந்தேகம் தீர்க்கிற ஆள்னு முன்னாடி காசு கொடுத்து வாங்கின நாலுல, லேப்டாப்பைத் தவிர மத்ததுக்குப் பெரிய செலவே இல்லை. அப்புறம் எதுக்கு 2.4 லட்சம்?

அதுக்கு பதில் பூட்கேம்ப் கதையில இருக்கு. இலவசப் பாடத்துல ஒரு பிரச்சினை: ஆரம்பிக்கிறவங்க நிறைய, முடிக்கிறவங்க கம்மி. கேட்க ஆள் இல்லேன்னா நாம தள்ளிப்போடுவோம் (என்னோட ப்ளேலிஸ்ட்லயும் பாதியில நிக்கிற கோர்ஸ் வரிசையா இருக்கு). அமெரிக்காவுல 2012 வாக்கில வந்த பூட்கேம்ப்கள் வித்தது இந்த ஒழுங்கைத்தான். டைம் டேபிள், கூடப் படிக்க ஆளுங்க, கோடைப் பார்த்துத் திருத்துற ஒருத்தர், கடைசியா வேலைக்கு ஒரு கதவு. இதுல கடைசி அயிட்டத்துக்குத்தான் விலை அதிகம், அதைச் சரிபார்க்கிறதுதான் கஷ்டமும்.

லாம்ப்டா ஸ்கூல்னு ஒண்ணு. "இப்போ ஒரு பைசா வேண்டாம். ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல சம்பளம் வந்தா, 24 மாசம் சம்பளத்துல 17% கொடுங்க, அதிகபட்சம் 30,000 டாலர்" அப்படின்னு ஒப்பந்தம். கேட்க எவ்வளவு நல்லா இருக்கு! பின்னாடி ப்ளூம்டெக்னு பேர் மாத்திக்கிட்டாங்க. 2024 ஏப்ரல்ல அமெரிக்காவோட நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு அவங்க மேல நடவடிக்கை எடுத்தது. விளம்பரத்துல 86% வரைக்கும் வேலை கிடைச்சதா காட்டியிருக்காங்க. முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த கணக்குல அது 50% பக்கம், சில சமயம் 30% வரைக்கும் இறங்கியிருக்கு. 'இது கடனே இல்லை'ன்னு சொன்ன ஒப்பந்தம் கடன்தான், சராசரியா 4,000 டாலர் அளவுக்கு நிதிக் கட்டணம் அதுக்குள்ள இருந்துச்சுன்னு அந்த அமைப்பு சொன்னது. இனிமே நுகர்வோருக்குக் கடன் கொடுக்கக் கூடாதுன்னு நிரந்தரத் தடையும் போட்டாங்க.

அதனால 'ப்ளேஸ்மெண்ட் 90%'னு போஸ்டர்ல பார்த்தா, எத்தனை பேர்ல 90%னு கேளுங்க. சேர்ந்த எல்லார்லயுமா, கோர்ஸை முடிச்சவங்கள்லயா, இல்ல 'தகுதியானவங்க'ன்னு அவங்களே வடிகட்டினவங்கள்லயா? எழுத்துல தரச் சொல்லுங்க.

இப்போ தம்பியோட கணக்குக்கு வருவோம். நான் அவரை ஒரே ஒரு விஷயம் விசாரிக்கச் சொன்னேன்: மொத்தமா கையில கட்டினா எவ்வளவு? 1,95,000னு பதில் வந்தது. அதாவது 1.95 லட்சம் மதிப்புள்ள பொருளுக்கு 24 மாசத்துல 2.4 லட்சம். கால்குலேட்டர்ல போட்டா ஆண்டுக்கு சுமார் 21% வட்டி. பெர்சனல் லோனே இதைவிடக் கம்மியில கிடைக்கலாம். 'வட்டியே இல்லை'ன்னு சொன்னது இதைத்தான்!

இன்னொண்ணு. இந்த இஎம்ஐ கோர்ஸ் கம்பெனிக்குப் போறதில்லை. கோர்ஸ் காசை ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி முன்னாடியே கொடுத்துடும், லோன் உங்க பேர்ல ஏறிடும். மூணாவது மாசம் பிடிக்கலைன்னு நீங்க கிளாஸை விட்டாலும் இஎம்ஐ நிக்காது. கட்டலைன்னா சிபில் ஸ்கோர் அடிவாங்கும். 27,000 சம்பளத்துல 10,000 இதுக்கே போனா, நாளைக்கு வீட்டுல ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தா என்ன பண்றது? ஏற்கெனவே ஆப் மூலமா லோன் எடுத்துட்டீங்கன்னா, கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்டைத் தேடி எடுங்க. அதுல ஏபிஆர்னு உண்மையான ஆண்டு வட்டி இருக்கும், கூலிங் ஆஃப் பீரியடும் இருக்கும். அந்த நாளுக்குள்ள அசலையும் அதுவரைக்குமான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாம வெளியே வரலாம். ரிசர்வ் வங்கி விதி அது.

ஏஐ வந்த பிறகு கோடிங் எதுக்குன்னும் அவர் கேட்டார். 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்ததிலிருந்து கோடை எழுதி வாங்குறது சுலபம். ஆனா அது தர்ற கோடு சரியா தப்பான்னு சொல்ல அடிப்படை தெரிஞ்சிருக்கணும். சும்மா காப்பி பண்ணா ஒண்ணும் வராது. 'இந்த வரி ஏன்?'னு ஒவ்வொண்ணா கேட்டா, பழைய வியூ சோர்ஸ் முறையேதான், பக்கத்துல பதில் சொல்ல ஒருத்தர் இருக்கார், அவ்வளவுதான் வித்தியாசம். அவரும் சில நேரம் உறுதியான குரல்லயே தப்பா சொல்லுவார், ஞாபகம் வெச்சுக்கோங்க.

நான் சொன்ன ஏற்பாடு இதுதான். 90 நாள். தினமும் ஒன்றரை மணி நேரம், ஃப்ரீகோட்கேம்ப் மட்டும், வேற எதையும் திறக்காதீங்க. இஎம்ஐ கட்டுற தேதியில அதே 10,000ஐ ஒரு ஆர்டியில போடுங்க. 10,000 எடுத்து வைக்க முடியலைன்னா அந்த இஎம்ஐயும் உங்களால கட்ட முடிஞ்சிருக்காது, அது இலவசமாவே தெரிஞ்சுடும். மூணு மாச முடிவுல தெரிஞ்ச கடைக்காரர் ஒருத்தருக்கு நிஜமா ஒரு வெப்சைட் செஞ்சு கொடுங்க. கைவசம் 30,000 இருக்கும், இந்த வேலை நமக்குப் பிடிக்குதாங்கிறதும் தெரியும். அதுக்கப்புறமும் கோர்ஸ் வேணும்னு தோணினா, மாசாமாசம் கட்டி எப்போ வேணும்னாலும் நிறுத்தக்கூடிய இடமா பாருங்க. கோடைத் திருத்துற ஆள் யார்னு பேரைக் கேட்டுட்டு சேருங்க.

அவர் அந்த டோக்கனைக் கட்டல. இப்போ நாற்பதாவது நாள்ல இருக்கார், சிஎஸ்எஸ் ஃப்ளெக்ஸ்பாக்ஸ்ல ரெண்டு நாளா மாட்டிக்கிட்டு இருக்காராம். அன்னைக்கு நைட்டோட முடியுதுன்னு சொன்ன சீட்டுக்கு, போன வாரம் கூட 15% தள்ளுபடின்னு ஃபோன் வந்துச்சாம்.