யாருடைய இடத்தில் கூடுகிறோம்? கறுப்பினப் புத்தகக் கடைகளும் எழுத்தாளர் கூட்டங்களும்



இந்த நினைவுப் பொழிவு யார் பெயரால் நடக்கிறதோ அந்தத் தோழர் எழுத்தாளர் அல்லர். கூட்டம் எங்கே நடந்தாலும் வாசலோரம் ஒரு போர்வையை விரித்துப் புத்தகம் அடுக்கியவராகத்தான் அவரை நாம் அறிந்தோம். எனவே இந்த ஆண்டு ஒரு நூலைப் பற்றியோ ஒரு படைப்பாளியைப் பற்றியோ பேசாமல், புத்தகம் விற்கும் இடத்தைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். ஒடுக்கப்பட்ட சமூகம் ஒன்று தனக்கென நடத்தும் புத்தகக் கடையில் எழுத்தாளரை அழைத்துக் கூட்டம் போடுகிறதே, அந்தக் கூட்டம் உண்மையில் என்ன வேலை செய்கிறது? அமெரிக்காவிலும் லண்டனிலும் கறுப்பின மக்கள் நடத்திய கடைகளை முன்வைத்து இதை விளக்கப் பார்க்கிறோம்.

அவர்களோடு நமக்குள்ள உறவு புதிதல்ல. 1946-இல் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் பம்பாயில் தொடங்கிய தலித் பேந்தர்ஸ் தன் பெயரையே கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. கவிதையையும் அரசியலையும் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அந்தக் கவிதைகளும் அரசியலும் எந்த அறையில், எந்த நாற்காலியில் உட்கார்ந்து வளர்ந்தன என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசவில்லை.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்து தொடங்குவோம். அங்கே ஏழாவது அவென்யூவில், 125-ஆம் தெருவையொட்டி, லூயிஸ் மிஷோ என்பவர் 1930-களில் ஒரு புத்தகக் கடை தொடங்கினார். சன்னல் கழுவுவது உட்படப் பல வேலைகள் பார்த்தவர். கறுப்பர்கள் புத்தகம் வாங்க மாட்டார்கள் என்று எல்லோரும் நம்பிய காலம். கையில் சில புத்தகங்களோடு தொடங்கிய கடை, பிற்காலத்தில் கறுப்பின வரலாற்றுக்கும் ஆப்பிரிக்க வரலாற்றுக்கும் அந்த நாட்டின் முக்கியமான இடமாக மாறியது. காசில்லாதவர்கள் உள்ளேயே உட்கார்ந்து படிக்கலாம். மால்கம் எக்ஸ் அங்கே வந்து படித்தார். கடைக்கு முன்னால் உள்ள நடைபாதையில் நின்று பேசினார். அந்தத் தெருமுனை ஹார்லெமின் பொதுக்கூட்ட மைதானம் போல இருந்தது. பேச்சைக் கேட்க நின்றவர் அப்படியே கடைக்குள் நுழைந்தார். புத்தகம் வாங்க வந்தவர் பேச்சைக் கேட்டுவிட்டுப் போனார். இலக்கியக் கூட்டம் வேறு, அரசியல் கூட்டம் வேறு என்ற பிரிவு அந்த நடைபாதைக்குத் தெரியாது.

இனி ஒரு நிகழ்ச்சியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1958 செப்டம்பரில் மார்ட்டின் லூதர் கிங் தன் முதல் நூலோடு ஹார்லெமுக்கு வந்தார். மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றிய நூல் அது. வாசகர்களுக்குக் கையெழுத்திட்டுத் தரும் நிகழ்ச்சி 125-ஆம் தெருவில் உள்ள புளூம்ஸ்டைன் பல்பொருள் அங்காடியில் ஏற்பாடானது. வெள்ளையருக்குச் சொந்தமான அங்காடி. 1934-இல், கறுப்பர்களிடம் காசு வாங்கிக்கொண்டு அவர்களுக்கு வேலை தர மறுக்கிறார்கள் என்று ஹார்லெம் மக்கள் மறியல் செய்து பணியவைத்த அதே அங்காடி. கூப்பிடு தூரத்தில் கறுப்பரின் புத்தகக் கடை இருக்கும்போது கறுப்பினத் தலைவரின் நூல் ஏன் அங்கே விற்கப்பட வேண்டும் என்று மிஷோ எதிர்ப்புக் கிளப்பினார். செப்டம்பர் 20 அன்று அந்த அங்காடியில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்த கிங்கை, மனநலம் குன்றிய ஒரு பெண் கடிதம் கிழிக்கும் கத்தியால் நெஞ்சில் குத்தினார். ஹார்லெம் மருத்துவமனையில் அறுவை செய்து அவரைக் காப்பாற்றினார்கள்.

வரலாறு அந்தக் கத்தியை நினைவில் வைத்துக்கொண்டது. மிஷோவின் கேள்வியை மறந்துவிட்டது. அந்தக் கேள்வியை வியாபாரப் பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அங்காடியில் நடந்தால் வருகிறவர் வாடிக்கையாளர். வரிசையில் நிற்பார், கையெழுத்து வாங்குவார், கிளம்புவார். மிஷோவின் கடையில் நடந்திருந்தால் நின்று வாதிட்டிருப்பார்கள். கிங்கின் அகிம்சை வழியோடு உடன்படாத பலர் அங்கே இருந்தார்கள். தலைவருக்கு அது சங்கடமாக இருந்திருக்கும், நூலுக்கு நல்லதாக இருந்திருக்கும் என்பது எங்கள் கருத்து. நூலை யார் விற்கிறார், அந்தக் காசு எந்தத் தெருவில் தங்குகிறது, யாருக்கு வாய் திறக்கும் உரிமை இருக்கிறது ஆகிய மூன்றும் ஒரே கேள்வியின் பகுதிகள்.

இந்தக் கடைகள் என்ன செய்கின்றன என்பதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் உளவுத் துறையினர். 1968 அக்டோபரில் எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜே. எட்கர் ஹூவர், நாடு முழுவதும் உள்ள தன் கிளை அலுவலகங்களுக்கு ஓர் ஆணை அனுப்பினார். கறுப்பினப் புத்தகக் கடைகள் எங்கெங்கே இருக்கின்றன, உரிமையாளர் யார், என்ன புத்தகம் எங்கிருந்து வருகிறது, கடையின் பண நிலை என்ன, யார் வந்துபோகிறார்கள், அங்கே கூட்டம் நடக்கிறதா என்றெல்லாம் விசாரிக்கச் சொன்ன ஆணை. கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். அலமாரியில் தூங்கும் புத்தகத்தைவிட, புத்தகத்தைச் சுற்றி நாலு பேர் கூடுவதுதான் அதிகாரத்தை உறுத்தியது. அதே 1968-இல் வாஷிங்டனில் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவில் களப்பணி செய்தவர்கள் 'டிரம் அண்ட் ஸ்பியர்' என்ற கடையைத் திறந்தார்கள். அதுவும் கண்காணிப்புக்கு உள்ளானது. அவர்கள் கடையோடு நிற்கவில்லை. பதிப்பகம் தொடங்கி, சி.எல்.ஆர். ஜேம்ஸின் பான்-ஆப்பிரிக்கக் கிளர்ச்சி வரலாற்றை மறுபடி அச்சிட்டார்கள். ஆனால் கடை 1974-இல் மூடப்பட்டது. ஆறே ஆண்டு.

லண்டன் கதை வேறு மாதிரி. அது நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அங்கே கடைக்கு முன்பே கூட்டம் வந்தது. டிரினிடாடிலிருந்து வந்த ஜான் லா ரோஸும் சாரா வைட்டும் 1966-இல் நியூ பீக்கன் புக்ஸைத் தங்கள் வீட்டில் தொடங்கினார்கள். அதே ஆண்டில் லா ரோஸ், கமாவ் பிராத்வெயிட், ஆண்ட்ரூ சால்கி மூவரும் கரீபியக் கலைஞர்கள் இயக்கத்தை உருவாக்கினார்கள். கவிதை வாசிப்பு, விவாதம், மறுநாள் வரை நீளும் பேச்சு என்று அந்த இயக்கம் கூடிய இடங்களுக்கெல்லாம் நியூ பீக்கன் புத்தகங்களும் போயின. நம் தோழரின் போர்வை நினைவுக்கு வருகிறதா? கூட்டம் வாசகரை உண்டாக்கியது, வாசகர் கடையை உண்டாக்கினார். 1973-இல் ஸ்ட்ரவுட் கிரீன் சாலையில் சொந்தக் கட்டடம் வந்தது.

ஜெசிகா ஹன்ட்லி, எரிக் ஹன்ட்லி இணையரின் கதையைக் கேளுங்கள். வரலாற்றாய்வாளர் வால்டர் ராட்னி ஜமைக்காவில் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியதோடு, ராஸ்தஃபாரிகளோடும் வேலையற்ற இளைஞர்களோடும் தெருவோரம் உட்கார்ந்து ஆப்பிரிக்க வரலாறு பேசினார். 1968 அக்டோபரில், வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய்த் திரும்பியவரை நாட்டுக்குள் நுழையவிடாமல் அரசு தடுத்தது. கிங்ஸ்டனில் கலகம் வெடித்தது. அந்தப் பேச்சுகளைத் திரட்டி நூலாக்கவே ஹன்ட்லி இணையர் லண்டனில் போகிள்-லூவர்ச்சர் பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். நூல் 1969-இல் வந்தது. அவர்கள் வீட்டு வரவேற்பறையே புத்தகக் கடையானது. பிறகு மேற்கு லண்டனில் தனிக் கடை. 1980-இல் ராட்னி கயானாவில் குண்டு வைத்துக் கொல்லப்பட்ட பிறகு கடைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அங்கே எழுத்தாளர்கள் வாசித்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் வகுப்புகளாக வந்தார்கள். இனவெறிக் கும்பல்கள் 1970-களின் இறுதியில் இத்தகைய கடைகளைத் தாக்கியபோது, கடைக்காரர்கள் கூட்டுக் குழு அமைத்து எதிர்த்து நின்றார்கள்.

இரண்டு கடைகளும் 'ரேஸ் டுடே' குழுவும் சேர்ந்து 1982-இல் தீவிரக் கறுப்பின, மூன்றாம் உலக நூல்களுக்கான பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியை நடத்தின. சி.எல்.ஆர். ஜேம்ஸ் திறந்து வைத்தார். 1995 வரை பன்னிரண்டு முறை நடந்தது. போட்டிக் கடைகள் ஒன்றாக உட்கார்ந்து நடத்தினார்கள் என்பதை நம் அமைப்புகள் இரண்டு முறை படிக்க வேண்டும்.

பேச்சு அச்சாவது, அச்சு மறுபடி பேச்சாவது என்ற இந்தச் சுழற்சி நமக்கு அந்நியமானதா? 1936-இல் லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. அரங்கம் மறுக்கப்பட்டது. அம்பேத்கர் தன் செலவில் 1500 பிரதிகள் அச்சிட்டார்; இரண்டே மாதங்களில் தீர்ந்துபோயின. மறு ஆண்டே வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், குஜராத்தியிலும் தமிழிலும் அது வந்துவிட்டதை அவரே குறிப்பிடுகிறார். தமிழில் கொண்டுவந்தது பெரியாரின் 'குடி அரசு'. 'சாதி ஒழிப்பு' பேசப்படாத பேச்சு. நமக்கென ஓர் அரங்கம் இல்லாததால்தான் அது அச்சுக்குப் போனது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் அயோத்திதாசர் 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களிடையே வளர்ந்த பௌத்தச் சங்கங்களில் சொற்பொழிவுகள் நடந்தன. அங்கே இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களைப் பதிப்பித்துக் காப்பாற்றியது. இன்றைக்கும் டிசம்பர் 6-இல் மும்பை சைத்தியபூமிக்கும், தம்மம் ஏற்ற நாளில் நாக்பூர் தீட்சாபூமிக்கும் போகிறவர்கள் புத்தகம் வாங்காமல் திரும்புவதில்லை. படிக்கத் தெரியாத அம்மா பேரனுக்காக ஒரு நூலை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வதை அங்கே பார்க்கலாம். வாசகர் இல்லை என்ற புலம்பல் நமக்குப் பொருந்தாது.

அப்படியென்றால் நம்மிடம் எது குறைகிறது? வெளிப்படையாகச் சொல்வோம். நம் நூல் வெளியீட்டு விழாக்களின் வடிவம் நம்முடையதல்ல. வாடகை அரங்கம், உயரமான மேடை, மேடையில் பத்துப் பேர், வரவேற்புரை, முன்னிலை, பொன்னாடை, முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ளும் பிரமுகர், வாழ்த்துரைக்குப் பின் வாழ்த்துரை. நூலாசிரியர் ஏற்புரைக்கு எழும்போது மணி ஒன்பதாகிவிடும், கடைசிப் பேருந்துக்காகப் பாதி அரங்கம் காலியாகிவிடும். கேள்வி நேரம் என்ற ஒன்று அழைப்பிதழிலேயே இருக்காது. யார் மேலே, யார் கீழே என்று வரிசைப்படுத்துவதற்கு எதிராக எழுதிய நூலை, அதே வரிசையில் உட்கார்ந்து வெளியிடுகிறோம். பெண் தோழர்களுக்கு வாய்ப்பது பெரும்பாலும் தொகுப்புரையும் நன்றியுரையும்தான்.

சொந்தக் கடையில் இந்த வடிவம் தானாக உடைகிறது, காரணம் மிக எளிது: மேடை போட இடமில்லை. முப்பது நாற்காலி போட்டால் எழுத்தாளரும் அதில் ஒன்றில்தான் உட்கார வேண்டும். ஏற்கெனவே நூலை வாங்கிப் படித்தவர் அருகில் இருக்கிறார். பக்க எண்ணைச் சொல்லிக் கேட்கிறார். தேநீர்க் குவளை ஒரே தட்டில் எல்லோருக்கும் வருகிறது. இரட்டைக் குவளை பார்த்த ஊர்களிலிருந்து வருகிற மாணவருக்கு அந்தத் தட்டு என்ன சொல்கிறது என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

கடையை நடத்துவது கடினம் என்பதையும் மறைக்கக் கூடாது. சான் பிரான்சிஸ்கோவில் ஜூலியன் ரிச்சர்ட்சனும் ரே ரிச்சர்ட்சனும் 1960-இல் தொடங்கிய மார்கஸ் புக்ஸ், ஜேம்ஸ் பால்ட்வினும் டோனி மாரிசனும் மாயா ஏஞ்சலோவும் வந்துபோன இடம். கட்டடம் கைமாறி, 2014-இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டது. ஓக்லாந்துக் கடை மட்டும் தொடர்கிறது. மிஷோவின் கடை 1968-இல் அரசு அலுவலகக் கட்டடத்துக்காக இடம் மாற்றப்பட்டு, 1970-களின் நடுவில் மூடப்பட்டது. நியூ பீக்கன் 2016-இல் மூடுவதாக அறிவித்தது. வாசகர்கள் பணம் திரட்டிக் காப்பாற்றினார்கள். எழுத்தாளரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் இணையத்தில் தள்ளுபடி விலைக்கு அதே நூலை வாங்குகிறவர் கடைக்கு வாடகை கட்ட உதவ மாட்டார். நம் கூட்டங்களுக்கும் இது பொருந்தும்.

நம்மிடம் இன்னும் கட்டடம் இல்லை. மாதம் ஒரு ஞாயிறு, தோழர்களின் வீட்டு மாடியிலோ படிப்பகத்திலோ, ஒரே ஒரு நூல், ஒரே ஓர் எழுத்தாளர் என்று தொடங்கலாம். எழுத்தாளர் அரை மணி நேரம், வாசகர் ஒரு மணி நேரம். நூல் ஒரு மாதம் முன்பே விற்பனைக்கு வந்துவிட வேண்டும். வாங்க முடியாத மாணவர்களுக்கு ஐந்து பிரதிகள் சுற்றில் இருக்கட்டும். கேள்விகளை யாராவது எழுதி வைக்க வேண்டும், அவைதான் அடுத்த சிறு வெளியீடு. பொன்னாடைக்கு ஆகும் காசில் எழுத்தாளருக்குப் பயணச் செலவு கொடுப்போம். இதற்குப் பொறுப்பேற்க முன்வருகிறவர்கள் வாசலில் உள்ள புத்தக மேசையில் பெயர் கொடுக்கலாம்.

இன்றைய கூட்டத்தில் வாழ்த்துரை இல்லை. மீதி நேரம் முழுவதும் கேள்விக்குத்தான். மைக்கைப் பின்வரிசைக்குக் கொடுங்கள், தோழர்.