நதியற்ற இராஜ்ஜியம்

ஏறத்தாழ 21½ லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ளதும், பாரத தேசத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று சொல்லத்தக்கதுமான ஒரு பெரிய இராஜ்ஜியத்தில், ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஆறில்லாத நாடுகளுள் உலகிலேயே மிகப் பெரியது சவூதி அரேபியா. அந்நாட்டைப் பற்றி எழுதுவோர் பலரும் எண்ணெயிலிருந்தே தொடங்குகிறார்கள். எண்ணெயின் வலிமையை நானும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும், அங்குள்ள ஊர்கள் எங்கே அமைந்தன, அரசுகள் எப்படி எழுந்தன, வழிபாட்டில் எவையெவை இடம்பெற்றன, எண்ணெயையே முதலில் எவர் எதைத் தேடப்போய்க் கண்டார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டு போனால், நாம் வந்து நிற்பது பெரும்பாலும் ஒரு கிணற்றடியில்தான்.

மேற்கே செங்கடலை ஒட்டித் திஹாமா என்னும் குறுகிய கரைநிலம். அதனை அடுத்து எழுவது ஹிஜாஸ் மலைத்தொடர். அம்மலை தெற்கே அசீர் பிரதேசத்தில் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தை எட்டுமிடத்தில், இது பாலைவன நாடு என்னும் நினைப்பையே பொய்யாக்கும்படி பருவமழையும், சரிவுகளில் படிப்படியாக வெட்டிய வயல்களும், ஜூனிப்பர் மரக்காடுகளும் காணப்படுகின்றன. மலைக்குக் கிழக்கே நெஜ்து பீடபூமி மெல்லச் சரிந்து வளைகுடாவை நோக்கி இறங்குகிறது. வடக்கே செம்மணற் குன்றுகள் நிறைந்த நபூது. தெற்கே, அண்டை நாடுகளுக்குள்ளும் நீண்டு 6½ லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்து கிடக்கும் ருபுஉல் காலி என்னும் பெருமணற் பாலை. இவ்விரண்டையும் இணைத்து 1,000 கிலோமீட்டருக்கு மேல் வில்லாய் வளைந்திருக்கும் தஹ்னா மணற்பட்டை. மழை பெய்தால் வாதி எனப்படும் வறண்ட பள்ளத்தாக்குகளில் சில மணி நேரம் வெள்ளம் சீறிப் பாயும். பிறகு மணலே மிஞ்சும்.

ஆனால் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இத்தீபகற்பத்தின் சீதோஷ்ணம் வேறாக இருந்தது. அக்காலத்து மழை பாறை அடுக்குகளில் இறங்கித் தேங்கி, அவ்வடுக்குகள் கிழக்கே சாய்ந்திருப்பதால், வளைகுடாவுக்கு அருகில் அல்-ஹஸா என்னுமிடத்தில் ஊற்றுகளாகப் பீறிட்டு வந்தது. உலகத்தின் மிகப் பெரிய பாலைவனச் சோலைகளுள் ஒன்றாகிய அவ்விடத்தில் சுமார் 25 லட்சம் பேரீச்ச மரங்கள் உள்ளன. 2018-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. பேரீச்சையின் நிழலில் எலுமிச்சையும் மாதுளையும், அவற்றின் நிழலில் காய்கறியும் கால்நடைத் தீவனமும் என்று, வெயிலை மூன்று தட்டாக வடிகட்டிப் பயிர்செய்யும் அந்த முறையில், ஒரு சொட்டு நீரும் வீணாகாமற் காக்கும் பரம்பரை அறிவு ஒளிர்கிறது. ஊற்றுகள் அரிதான நெஜ்து பிரதேசத்திலோ ஆழ்கிணறுகள்தாம் கதி. கிணற்றின் மேல் மரச்சட்டமும் உருளைகளும் அமைத்து, ஒட்டகமோ மாடோ கழுதையோ சரிவான பாதையில் இறங்கி நடக்க நடக்கத் தோற்பை நீரோடு மேலே வந்து தொட்டியில் கவிழ்வதை, நம் பக்கத்துக் கவலை ஏற்றத்தைக் கண்டவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். இயந்திரப் பம்புகள் வரும்வரை நெஜ்தின் ஊர்களுக்கெல்லாம் உயிர்மூச்சாக இருந்தது இதுவே.

வடமேற்கில் அல்-ஹிஜ்ர் என்னும் இடத்தில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நபதேயர் மலைப்பாறையைக் குடைந்து அமைத்த நூற்றுக்கு மேற்பட்ட கல்லறைகள் தம் முகப்புகளோடு இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. காண்போர் அம்முகப்புகளிலேயே மெய்மறந்து, அவற்றைச் சூழ்ந்துள்ள கிணறுகளைக் கவனியாது திரும்பிவிடுவதுண்டு; சாம்பிராணி வணிகர்களின் ஒட்டக வரிசைகளை அங்கே தங்கவைத்து அம்மக்களைச் செல்வர்களாக்கியவை அக்கிணறுகளே. அதே பகுதியோடு சேர்த்துச் சொல்லப்படும் ஸமூது கூட்டத்தாரின் வரலாற்றிலும், இறைவனின் அத்தாட்சியாக வந்த பெண் ஒட்டகத்துக்கு ஒரு நாள், ஊராருக்கு மறுநாள் என்று நீருக்கு முறைவைத்ததும், அந்த முறையை மீறி அவ்வொட்டகத்தை வெட்டியதால் அவர்கள் அழிந்ததும் திருக்குர்ஆனில் கூறப்படுகின்றன.

இனி மக்கா நகரம். பயிர் விளையாத அந்தக் கற்பள்ளத்தாக்கில் அன்னை ஹாஜரும் பால்குடி மாறாத இஸ்மாயீலும் இருந்தபோது, தோற்பையில் இருந்த நீர் தீர்ந்துபோக, குழந்தையின் தாகம் தாளாமல் அத்தாய் ஸஃபா குன்றுக்கும் மர்வா குன்றுக்கும் இடையே ஏழு முறை ஓடினார் என்பதும், அதன் முடிவில் ஸம்ஸம் ஊற்று வெளிப்பட்டது என்பதும் இஸ்லாமியர் போற்றும் வரலாறு. இன்றைக்கும் ஹஜ் யாத்திரை செய்வோர் ஒவ்வொருவரும், அரசராயினும் ஏழையாயினும், அந்த இரு குன்றுகளுக்கிடையே ஏழு முறை நடந்தாக வேண்டும். நீர் தேடித் தவித்த ஒரு தாயின் ஓட்டத்தைக் கோடிக்கணக்கான மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் கால்களாலேயே நினைவுகூர்வதை எண்ணுந்தோறும் என் நெஞ்சம் நெகிழ்கிறது. இறையில்லமாகிய கஃபாவுக்குச் சுமார் 20 மீட்டர் கிழக்கே, ஏறத்தாழ 30 மீட்டர் ஆழமுள்ள அக்கிணற்றின் நீரை யாத்திரிகர் ஊருக்குக் கொணர்ந்து சுற்றத்தாருக்குப் பகிர்வதைத் தமிழ்நாட்டு முஸ்லிம் இல்லங்களை அறிந்தவர்கள் அனைவரும் அறிவார்கள்.

அந்த மண்ணில் தோன்றிய மார்க்கம் நீரின் அருமையை நன்கு உணர்ந்திருந்தது. தொழுகைக்கு முன் நீரால் உடலுறுப்புகளைக் கழுவி ஒளு செய்வது கடமை. நீர் கிடையாத இடத்தில் தூய மண்ணைத் தொட்டுச் செய்யும் தயம்மும் போதுமானது. நீரும் மேய்ச்சற்புல்லும் நெருப்பும் எல்லோருக்கும் பொது என்பது நபிகள் நாயகத்தின் போதனை. மழை பொய்த்தால் அரசரே நாடு முழுவதும் மழைத் தொழுகைக்கு அழைப்பு விடுப்பது இன்றும் வழக்கத்தில் உள்ளது. அதே மழை அளவு மீறினால் மக்காவின் கதி வேறு: பள்ளத்தாக்கின் அடியில் இருப்பதால், 1630-ஐ ஒட்டி வந்த வெள்ளத்தில் கஃபாவின் சுவர்கள் இடிந்து புதுப்பிக்கப்பட்டன, 1941-ஆம் ஆண்டு வெள்ளத்தில் சிலர் நீந்தியே கஃபாவை வலம்வந்தார்கள்.

622-ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் மக்காவை விட்டுச் சென்ற மதீனாவும் பேரீச்சந் தோப்புகள் சூழ்ந்த நீர்வளமுள்ள ஊரே. பிற்காலத்தில் கலீபா ஹாரூன் அல்-ரஷீதின் பட்டத்தரசியாகிய ஜுபைதா, ஈராக்கின் கூபா நகரிலிருந்து மக்காவரை 1,400 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட யாத்திரைப் பாதையில் கிணறுகளும் குளங்களும் தங்குமிடங்களும் அமைப்பித்து, மக்கா நகருக்கு மலையடிவாரத்திலிருந்து நீர்க்கால்வாயும் வெட்டுவித்தார். அந்தப் பாதை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் காலத்து மாளிகைகளைக் காட்டிலும் இந்தத் தருமமே நிலைத்தது.

இப்போதைய அரசவம்சத்தின் தொடக்கமும் ஒரு வாதியின் கரையில்தான். ஹனீபா வாதியின் பேரீச்சந் தோப்புகளிடையே இருந்த திரிய்யா ஊரின் தலைவர் முஹம்மது இப்னு சவூதும், மார்க்கச் சீர்திருத்தம் போதித்த முஹம்மது இப்னு அப்துல் வஹ்ஹாபும் 1744-இல் செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்து முதல் சவூதி அரசு பிறந்தது. 1818-இல் இப்ராஹீம் பாஷாவின் எகிப்தியப் படை அதனை வீழ்த்தி அவ்வூரைத் தரைமட்டமாக்கிற்று. ரியாத்தைத் தலைநகராகக் கொண்டு எழுந்த இரண்டாவது அரசும் நூற்றாண்டின் இறுதியில் வீழ்ந்தது. குவைத்தில் அகதியாக வளர்ந்த அப்துல் அஸீஸ் என்னும் இளைஞர், 1902 ஜனவரியில் ஒரு சிறு கூட்டத்தோடு இரவில் வந்து ரியாத்தின் மஸ்மக் கோட்டையைக் கைப்பற்றியதும், பின்பு முப்பது ஆண்டுகள் போரிட்டும் மணவுறவு கொண்டும் நாட்டை ஒன்றாக்கி 1932 செப்டம்பர் 23-இல் சவூதி அரேபியா என்று பெயரிட்டதும் நாடறிந்த சரித்திரம். அலைந்து திரிந்த பதூயின் குலத்தாரைக் கிணறுகளை அடுத்த குடியிருப்புகளில் நிலைகொள்ளச் செய்ததும் அவருடைய அரசியல் தந்திரங்களுள் ஒன்று.

அந்நாளில் மன்னரின் கஜானாவுக்கு முக்கிய வருவாய் ஹஜ் யாத்திரிகர்களே. உலகப் பொருளாதார மந்தத்தால் யாத்திரிகர் தொகை குன்றி, பணமுடை நெருக்கிய 1931-இல், சார்லஸ் கிரேன் என்னும் அமெரிக்கச் செல்வர் ஜித்தாவுக்கு வந்து மன்னரைக் கண்டார். அவர் தம் செலவில் அனுப்பிவைத்த கார்ல் டுவிட்செல் என்னும் பொறியாளருக்கு இடப்பட்ட பணி, நிலத்தடி நீர் கிடைக்குமா என்று ஆராய்வது. நாடெங்கும் சுற்றிய அவர் நீரைப் பற்றி அதிக நம்பிக்கை தரவில்லை. கிழக்குப் பகுதியில் எண்ணெய் இருக்கக்கூடும் என்றார். 1933-இல் கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்துடன் ஒப்பந்தமாயிற்று; ஆண்டுக்கணக்கான ஏமாற்றங்களுக்குப் பின், 1938 மார்ச்சில், தம்மாமின் ஏழாவது கிணற்றில் எண்ணெய் பொங்கியது. நீரைத் தேடப்போய் நெருப்பைக் கண்டெடுத்த கதை இது. 1948-இல் கண்டறியப்பட்ட கவார் என்னும் பெரும் எண்ணெய்வயலோ, அல்-ஹஸாவின் ஈச்சந் தோப்புகளுக்கு அருகிலேயே கிடந்தது.

செல்வம் வந்தபின் நடந்த ஒன்றை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டும். உணவில் தன்னிறைவு என்னும் நியாயமான ஆசையால், 1970-களின் இறுதியிலிருந்து அரசு கோதுமைக்கு உலகச் சந்தை விலையைப் போலப் பல மடங்கு கொடுத்தது. பாலைமணலில் வட்டவட்டமாகப் பசும்வயல்கள் தோன்றின. 1990-களின் தொடக்கத்தில் நதியற்ற அந்நாடு உலகின் பெரிய கோதுமை ஏற்றுமதி நாடுகளுள் ஒன்றாக விளங்கியது. ஆனால் இறைக்கப்பட்டதோ மீண்டும் ஊறாத பழங்கால நீர். ரியாத்துக்குத் தெற்கே லைலா என்னும் ஊரில் தொன்றுதொட்டு இருந்த ஏரிகள் வற்றி வெறும் குழிகளாயின. 2008-இல் அரசு தன் தவற்றை உணர்ந்து படிப்படியாகக் குறைத்து, 2016-ஐ ஒட்டி உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலை நிறுத்தியது. பல்லாயிரம் ஆண்டுச் சேமிப்பை ஒரு தலைமுறையில் செலவிட்டது பெரும் பிழை என்பதே என் துணிபு.

இன்று நகரங்களின் தாகத்தைப் பெரிதும் தீர்ப்பது கடல். துருக்கியர் ஆட்சியின் இறுதிக்காலத்திலேயே, 1907-ஐ ஒட்டி, ஜித்தாவில் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரம் நிறுவப்பட்டிருந்தது; இப்போதோ கடல்நீரைக் குடிநீராக்குவதில் உலகிலேயே முதலிடம் சவூதிக்குத்தான். வளைகுடாக் கரையிலுள்ள ஜுபைலிலிருந்து, சுமார் 600 மீட்டர் உயரத்திலுள்ள ரியாத்துக்கு, 400 கிலோமீட்டருக்கு மேல் குழாய்களின் வழியே நீர் மேடேறிச் செல்கிறது. அதற்காகும் எரிபொருள் கொஞ்சமன்று; ஆகவே அங்கே ஒரு குவளைத் தண்ணீரில் எண்ணெயின் பங்கும் கலந்திருக்கிறது.

வெயில் 45 பாகையைத் தாண்டும் கோடையில் வாழ்க்கை இரவுக்கு மாறுகிறது. இஷா தொழுகைக்குப் பிறகே கடைவீதிகளும் பூங்காக்களும் கலகலப்படைகின்றன. மஜ்லிஸ் எனப்படும் விருந்தறையில் தரைவிரிப்பில் சாய்ந்தமர்ந்தவர்களுக்கு, கைப்பிடியில்லாத சிறு கிண்ணத்தில் ஏலம் மணக்கும் வெளிர்நிறக் காப்பி கொஞ்சங் கொஞ்சமாக வார்க்கப்படும்; போதும் என்பதற்கு வாயால் சொல்வதில்லை, கிண்ணத்தை லேசாக அசைத்துக்காட்ட வேண்டும். கூடவே பேரீச்சை: அல்-ஹஸாவின் கலாஸ், கஸீமின் சுக்கரி, மதீனாவின் அஜ்வா என்று ஊருக்கொரு பெருமை. ஒரே தட்டைச் சூழ்ந்து உண்ணும் கப்ஸா என்ற இறைச்சிச் சோற்றின் அரிசியில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போவது. பழைய வழக்கங்களோடு மாற்றங்களும் வந்திருக்கின்றன: பெண்களுக்கு 2018 ஜூனில் வாகனம் ஓட்டும் உரிமை கிடைத்தது. அதே ஆண்டில் திரைப்படக் கொட்டகைகளும் மீண்டும் திறந்தன.

2022-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, அங்கு வாழும் 3 கோடியே 22 லட்சம் மக்களில் சுமார் 1 கோடியே 34 லட்சம் பேர் வெளிநாட்டார். அவர்களுள் தமிழர் தொகையும் சிறிதன்று. வீட்டுக்குப் பணம் அனுப்பும் பொருட்டுத் திறந்தவெளியில் உழைப்போரைக் கருதியே, ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை நண்பகல் 12 முதல் 3 மணிவரை வெயிலில் வேலைவாங்கக் கூடாது என்னும் விதி இருக்கிறது.

அல்-ஹஸாவில் இன்று பெரும்பாலான ஊற்றுகள் தாமாகப் பொங்குவதில்லை. அவற்றுக்குப் பதிலாக நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்து வாய்க்கால்களில் விடுகிறார்கள். தோப்புக்காரர்கள் முன்போலவே முறைவைத்து மடை திறந்து பேரீச்சைக்குப் பாய்ச்சுகிறார்கள்.