கர்ஜிக்கும் மேனேஜர்... கம்மென்று ஒரு மேனேஜர்!

உங்கள் ஆபீஸ் வாசலில் மேனேஜருக்குச் சிலை வைக்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால் என்ன செய்வீர்கள்? வசூல் நோட்டு உங்கள் மேஜைக்கு வருவதற்குள் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள். நானும்தான்!

ஆனால் ஹாங்காங்கில் ஒரு வங்கி வாசலில் இரண்டு மேனேஜர்கள் வெண்கலமாகி, 1935-லிருந்து படுத்துக் கொண்டிருக்கிறார்கள். மனித உருவத்தில் இல்லை, ஸார்... சிங்க உருவத்தில்! போகிற வருகிற ஜனம் அவர்கள் பாதத்தைத் தடவி, கன்னத்தில் தட்டிவிட்டுப் போகிறது. எந்த மேனேஜருக்குக் கிடைக்கும் இந்த யோகம்?

இடம்: சென்ட்ரல் என்று அழைக்கப்படும் வியாபாரப் பகுதி. டபுள் டெக்கர் டிராம்கள் மணியடித்துக் கொண்டு ஓடும் டே வூ ரோடு. அங்கேதான் எச்.எஸ்.பி.ஸி. வங்கியின் தலைமை அலுவலகம். வாசலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு சிங்கங்கள். வாயைப் பிளந்து கர்ஜிப்பவர் ஸ்டீபன். வாயை மூடிக் கொண்டு 'நமக்கென்ன வந்தது' என்று படுத்திருப்பவர் ஸ்டிட்.

பேர் வந்த கதை ஷாங்காயில் ஆரம்பிக்கிறது. 1923-ல் அங்கே ஆற்றங்கரையோரம் இந்த வங்கி பிரமாண்டமாக ஒரு கட்டடம் கட்டி, வாசலில் ஜோடி சிங்கங்களை வைத்தது. ஷாங்காய் கிளையில் முன்பு மேனேஜராக இருந்து, அப்போது வங்கிக்கே தலைமை மேனேஜராக உயர்ந்திருந்தவர் ஏ.ஜி. ஸ்டீபன். அந்தச் சமயத்தில் ஷாங்காய் மேனேஜர் ஜி.ஹெச். ஸ்டிட். சிங்கங்களுக்கு இவர்கள் பேரே நிலைத்துவிட்டது. இரண்டு பேரின் குணமும் அப்படியே சிங்கங்களில் இருக்கிறது என்று வங்கிக்குள்ளேயே சொல்லிச் சிரித்துக் கொண்டார்களாம். உலகத்தில் எந்த ஆபீஸாக இருந்தாலும் இந்த இரண்டு ரகம்தானே! ஒருத்தர் சத்தம் போட்டே வேலை வாங்குவார். இன்னொருத்தர் பேசவே மாட்டார். ஆனால் ஃபைல் மட்டும் திரும்பி வந்துவிடும்.

1935-ல் ஹாங்காங்கில் புதுத் தலைமை அலுவலகம் எழுந்தபோது, அப்போதைய தலைமை மேனேஜர் வேண்டலூர் கிரேபர்ன் (நம் வண்டலூருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை!) இங்கேயும் சிங்கங்கள் வேண்டும் என்றார். ஷாங்காயில் வசித்த ஆங்கிலேயச் சிற்பி வாக்ஸ்டாஃப் செய்து கொடுத்தார். உருவம் கொஞ்சம் வேறு. பேர் மட்டும் அதே ஸ்டீபன், ஸ்டிட்!

ஒரு வேடிக்கை. சீன வழக்கப்படி வாசல் காக்கும் சிங்கங்கள் ஆணும் பெண்ணுமாக இருக்கும். ஆண் காலடியில் ஒரு பந்து, பெண் காலடியில் ஒரு குட்டி. இவர்களோ இரண்டு பேருமே பிடரி வைத்த ஆம்பளைகள். அசல் பிரிட்டிஷ் அடையாளம். வெள்ளைக்காரர் வங்கிக்கு வெள்ளைக்காரர் செய்த சிங்கங்களை உள்ளூர்ச் சீனர்கள் 'நம்ம வீட்டுப் பிள்ளை' என்று எடுத்துக் கொண்டார்களே... எப்படி?

அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கை ஒரு காரணம். தொட்டால் காசு வரும்! ஷாங்காய் சிங்கங்களையும் இப்படித்தான் ஜனங்கள் தடவித் தடவிப் பளபளப்பாக்கினார்கள். ஆனால் அது மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊர் பட்ட கஷ்டத்தையெல்லாம் இந்தச் சிங்கங்களும் சேர்ந்து பட்டிருக்கின்றன.

1941 டிசம்பர் 8. ஜப்பான் ஹாங்காங் மேல் பாய்ந்தது. கிறிஸ்துமஸ் தினத்தன்று ஊர் சரணடைந்தது. அந்தச் சண்டையில் ஸ்டீபனின் பின்பக்கம் குண்டுச் சிதறல்கள் பாய்ந்தன. வங்கிக் கட்டடத்தில் ஜப்பானிய நிர்வாகம் வந்து உட்கார்ந்தது. சிங்கங்களை உருக்கி உலோகமாக்கக் கப்பலேற்றி ஜப்பானுக்கு அனுப்பிவிட்டார்கள். டி.ஏ. இல்லாத டிரான்ஸ்பர்! திரும்பி வருவதற்கு டிக்கெட்டும் இல்லை.

சிங்கங்களை வரவழைத்த கிரேபர்னின் கதை இன்னும் சோகம். முகாமில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு ரகசியமாகப் பணம் அனுப்பினார் என்று 1943-ல் கைது செய்யப்பட்டார். அதே வருஷம் ஆகஸ்டில் சிறையிலேயே இறந்து போனார்.

1945-ல் யுத்தம் முடிந்தது. ஒஸாகாவில் ஒரு கப்பல் தளத்தில் அமெரிக்க மாலுமி ஒருவர் கண்ணில் பட்டன நம் சிங்கங்கள். உலைக்குள் போகாமல் தப்பிக் கிடந்தன! 1946 அக்டோபரில் பழைய இடத்துக்கே வந்து படுத்துக் கொண்டன. வரவழைத்தவர் திரும்பவில்லை; அவர் வரவழைத்த சிங்கங்கள் திரும்பிவிட்டன. நாலு வருஷம் பட்டினியும் பயமுமாகக் கிடந்த ஊர், வாசலில் அந்த இரண்டு முகத்தையும் மறுபடி பார்த்தபோது என்ன நினைத்திருக்கும்?

அப்புறம் 1981. கட்டடம் போதவில்லை, இடித்துவிட்டு நார்மன் ஃபாஸ்டரை வைத்துப் புதிதாகக் கட்டலாம் என்று முன்பே முடிவாகியிருந்தது. கட்டடத்தை இடித்தாகிவிட்டது. ஆனால் சிங்கங்கள்? எதிரே உள்ள ஸ்டாச்யூ சதுக்கத்துக்குத் தற்காலிகமாகக் குடிபோயின. வங்கியின் சேர்மனே நேரில் வந்து மரியாதையோடு வழியனுப்பினார். போகிற இடத்துக்கும், 1985-ல் திரும்பி வந்த இடத்துக்கும் ஃபெங் சுய் நிபுணர்களைக் கேட்டுத்தான் ஏற்பாடு. சீன வாஸ்து, ஸார்! கோடி கோடியாய்க் கொட்டிக் கட்டின கட்டடத்தை மாற்றலாம். சிங்கத்தை மாற்ற முடியாது. இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

ஆபீஸ் வேலையாக அங்கே போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் போய்ப் பார்த்தேன். கட்டடத்தின் கீழ்த்தளம் திறந்தவெளி. வீட்டு வேலைக்கு வந்த பிலிப்பைன்ஸ் பெண்கள் நூற்றுக்கணக்கில் அட்டையை விரித்து உட்கார்ந்து, சாப்பிட்டுப் பேசிச் சிரித்துக் கொண்டிருந்தார்கள். வாரத்தில் அவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் லீவு. ஸ்டிட்டின் பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி, பேரன் கையைப் பிடித்துப் பாதத்தின் மேல் வைத்து அழுத்தினாள். பையனுக்குப் பயம். பாட்டி முதலில் தானே தடவிக் காட்டினாள். அப்புறம் அவன் விடவேயில்லை; வாலைத் தேடிக் கிளம்பிவிட்டான்!

இவ்வளவு பிரியம் இருக்கிற இடத்தில்தான் கோபமும் விழும். 2020 ஜனவரி முதல் தேதி ஊர்வலத்தின்போது சிங்கங்கள் மேல் சிவப்புச் சாயம் பூசித் தீ வைத்தார்கள். போராட்டக்காரர்களுக்கு நிதி திரட்டின ஓர் அமைப்பின் கணக்கை வங்கி மூடிவிட்டதில் ஆத்திரம். வங்கி மேல் கோபம், அடி சிங்கத்துக்கு! மேனேஜர் பேரை வைத்துக் கொண்டால் இதையும் சேர்த்துத்தான் வாங்கிக் கொள்ள வேண்டும் போலிருக்கிறது. சீர்செய்து முடித்து, அந்த வருஷம் அக்டோபரில் மறுபடி ஊர் கண்ணில் காட்டினார்கள்.

இந்த வங்கி அச்சிடும் ஹாங்காங் டாலர் நோட்டிலும் சிங்க முகம் உண்டு. சட்டைப் பையில் இருக்கும் சிங்கம் சீக்கிரம் செலவாகிவிடும். வாசலில் இருப்பது அப்படியே இருக்கும்.

எப்போதாவது ஹாங்காங் போனால் பாதத்தைத் தொட்டு அதிர்ஷ்டம் கேளுங்கள், தப்பில்லை. அப்படியே ஸ்டீபனின் இடது பின்பக்கம் போய்ப் பாருங்கள். 1941-ல் விழுந்த தழும்புகள் இன்னும் இருக்கின்றன. அவ்வளவு அடி வாங்கியும், தூர தேசத்துக்கு டிரான்ஸ்பர் ஆகியும், திரும்பி வந்து அதே சீட்டில் டியூட்டி பார்க்கிற மேனேஜரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை!