‘கிக்ஸ்’ என்றால் சப்பாத்தா, போதையா?

‘புது கிக்ஸ் கிடைச்சிருச்சு!’ என்று பேரன் குடும்பப் புலனக் குழுவில் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். படம் எதுவும் இணைக்கவில்லை. தாத்தாவுக்குத் தெரிந்த ‘கிக்’ ஒன்றுதான். தமிழ்ப் படங்களில் குடித்தவனுக்குத் தலைக்கேறுவது! பையன் ஏதாவது தவறான பழக்கத்தில் விழுந்துவிட்டானோ என்று அவர் பதறுகிறார். அத்தை உடனே பையனின் அம்மாவுக்குத் தொலைபேசி செய்கிறார். பையன் சொல்ல வந்ததோ, ஒரு ஜோடி சப்பாத்து வாங்கிவிட்டேன் என்பது மட்டும்தான்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இன்று பல வீடுகளில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் கைத்தொலைபேசித் திரையில்தான் நடக்கிறது. நேரில் பேசும்போது சொல் புரியாவிட்டால் காலைத் தூக்கிக் காட்டிவிடலாம். எழுத்தில் காட்டுவதற்குக் கால் இல்லை. சொல் மட்டுமே இருக்கிறது. ஆகவே, இளையர்கள் விரும்பி எழுதும் இந்தச் சொற்களின் பொருளைப் பெரியவர்களும், அவற்றை எங்கே எழுதலாம் என்பதை இளையர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

சொல் வந்த வழி

‘கிக்’ என்றால் உதை. உதைக்கும் காலில் மாட்டுவது ‘கிக்ஸ்’. இது நேற்று முளைத்த சொல் அல்ல. அமெரிக்கப் பேச்சு வழக்கில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. ‘ஸ்னீக்கர்’ அதைவிடச் சுவையானது. ரப்பர் அடி வைத்த காலணி சத்தம் எழுப்பாது. பூனை போல் பின்னால் வந்து நிற்கலாம். பதுங்கி நடப்பதைக் குறிக்கும் ‘ஸ்னீக்’ என்ற சொல்லிலிருந்து பையன்கள் இப்பெயரை வைத்தார்கள். 1887ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஏடு ஒன்று இதைக் குறிப்பிட்டிருக்கிறது.

விளையாட்டுத் திடலில் இருந்த காலணி பின்னர் அலங்காரப் பொருளாயிற்று. 1985இல் கூடைப்பந்து வீரர் மைக்கல் ஜோர்டன் பெயரில் ‘ஏர் ஜோர்டன்’ விற்பனைக்கு வந்தது. 1986இல் ‘ரன் டி.எம்.சி.’ என்ற ராப் இசைக் குழு தாங்கள் அணியும் அடிடாஸ் காலணியைப் பற்றியே ஒரு பாடல் வெளியிட்டது. கூடைப்பந்தும் ராப் இசையும் உலகம் சுற்றியபோது இந்தச் சொற்களும் கூடவே சுற்றின.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாக் காலணியும் ‘கிக்ஸ்’ ஆகிவிடாது. நாகரிகமான விளையாட்டுக் காலணிக்கே அந்தப் பெயர். குதி உயர்ந்த பெண்கள் காலணியையோ, அலுவலகத் தோல் சப்பாத்தையோ அப்படிச் சொன்னால் இளையர்களே சிரிப்பார்கள்.

ஊருக்கு ஊர் வேறு

ஆங்கிலம் ஒரே மொழி என்று நினைத்து எழுதினாலும் வம்புதான். அமெரிக்கர் ‘ஸ்னீக்கர்’ என்பதை பிரிட்டிஷ்காரர் ‘டிரெய்னர்’ என்பார். ‘பம்ப்ஸ்’ என்றால் அமெரிக்காவில் குதி உயர்ந்த பெண்கள் காலணி. பிரிட்டனில் தட்டையான மெல்லிய காலணி. நாம் வீட்டில் போடும் ரப்பர் சிலிப்பரை ஆஸ்திரேலியர் ‘தோங்ஸ்’ என்பார்கள். அதே சொல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ளாடை ஒன்றைக் குறிக்கும்! வெளிநாட்டு நண்பருக்கு எழுதும்போது இரண்டு முறை யோசிப்பது நல்லது.

பணமும் சேரும்போது

இணையத்தில் காலணி வாங்கி விற்பவர்களிடையே தனி அகராதியே இருக்கிறது. ‘டிராப்’ என்றால் விழுவதல்ல. புதிய வகை விற்பனைக்கு வரும் நாள். ‘காப்’ என்றால் போலீஸ் அல்ல, வாங்குவது. ‘கிரெயில்’ என்பது ஒருவர் நெடுநாளாக ஏங்கும் காலணி. ‘டெட்ஸ்டாக்’ என்பது ஒருமுறைகூடப் போடாத, புதிதாகவே இருக்கும் காலணி. ‘பீட்டர்ஸ்’ என்பது தினமும் போட்டுத் தேய்ந்தது. தமிழில் எழுதிப் படித்தால் யாரோ ‘பீட்டர்’ விடுவதுபோல் இருக்கும்!

இங்கே விளையாட்டு முடிந்து, பணம் வந்துவிடுகிறது. அக்காள் மகனின் பிறந்தநாளுக்குப் பரிசு வாங்க நினைக்கும் மாமா, ‘பீட்டர்ஸ், நல்ல விலை’ என்ற வரியைப் படித்து, அது ஏதோ ஒரு வணிகச் சின்னம் என்று எண்ணிப் பணம் அனுப்பினால், வந்து சேர்வது யாரோ போட்டுக் கழித்த காலணி. எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் படித்தவர் ஏமாந்துவிட்டார். பணம் கைமாறும் இடத்தில் ‘புதியது’, ‘பழையது’, ‘எத்தனை மாதம் போட்டது’ என்று வெளிப்படையாக எழுதுவதே நேர்மை. வாங்குபவரும் புரியாத சொல்லுக்குத் தலையாட்டாமல் கேட்டுவிட வேண்டும்.

எங்கே எழுதலாம்?

நண்பர்களுக்குள் தாராளமாக எழுதலாம். கொச்சை வழக்கு என்றாலே கெட்ட வார்த்தை என்று பெரியவர்கள் நினைக்க வேண்டாம். ஒரு கூட்டத்தினர் தங்களுக்குள் நெருக்கம் காட்டப் பேசுவதே அது. ஆனால், உள்ளே இருப்பவரைச் சேர்க்கும் அதே சொல் வெளியே இருப்பவரை ஒதுக்கியும் விடும்.

தேர்விலும் இதே கணக்குதான். எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளில் நண்பருக்கு மடல் எழுதும்போது ‘கிக்ஸ்’ என்ற சொல் இயல்பாக ஒட்டிக்கொள்ளலாம். மலேசியப் பள்ளிகளில் 2021 முதல் கட்டாயமான கறுப்புக் காலணியைப் பற்றித் தலைமையாசிரியருக்கு அறிக்கை எழுதும்போது அது ஒட்டாது. வேலை விண்ணப்பம், அலுவலக மின்னஞ்சல், ஆடை விதி குறிப்பிடும் அழைப்பு ஆகியவற்றிலும் பொதுச் சொல்லே ஏற்றது.

பெரியவர்கள் இருக்கும் குழுவில் எழுத ஆசையா? முதலில் ‘புது சப்பாத்து வாங்கினேன்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் ‘என் கிக்ஸ் எப்படி?’ என்று கேளுங்கள். தாத்தாவும் ஒரு புதுச் சொல் கற்றுக்கொள்வார்.

நம்மிடமும் உண்டு

இதெல்லாம் தமிழைக் கெடுக்கிறது என்று சிலர் வருந்துவார்கள். ‘சப்பாத்து’ மட்டும் எங்கிருந்து வந்தது? போர்த்துகீசியரின் ‘சப்பாத்து’தான் தமிழிலும் தங்கியது, மலாயில் ‘செப்பாத்து’ ஆனது. இரவல் சொல் குற்றமல்ல. பாட்டி முதல் பேத்தி வரை எல்லாருக்கும் புரிந்ததால்தான் அது நிலைத்தது.

அதேபோல், அழகான பெயர் வைப்பதும் ஆங்கில இளையருக்கு மட்டும் உரிய திறமையல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை காலணியை ‘அடிபுதை அரணம்’ என்கிறது. பாதம் புதைந்திருக்கும் கோட்டை என்று பொருள். ‘கிக்ஸ்’ என்று எழுதும் விரல்கள் ஒரு நாள் இதையும் எழுதிப் பார்க்கலாம். நண்பர்கள் பொருள் கேட்பார்கள். அப்போது விளக்கம் சொல்லும் பெருமை எழுதியவருக்கே.